துண்டு

சேரங்கோட்டுக்கு நான் போகும்போதெல்லாம் அப்பாயி இரண்டு கேள்வி கேட்கும். முதலாவது, "சாப்ட்டியா சாமி?" இரண்டாவது, "அந்த நானா கடைக் கணக்க என்னா பண்ணுன?"

நானா கடை சேரங்கோட்டில் இல்லை. அது இலங்கையில், அட்டன் பக்கத்து டவுன் ஒன்றில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்தது. 1974இல் அப்பாயி குடும்பத்துக்கு 'போகலாம்' என்று கடிதாசி வந்ததும் எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம். அந்த அவசரத்தில் நானா கடையில் இருந்த 38 ரூபாய் 50 சதம் பாக்கியைக் கொடுக்காமலே வந்துவிட்டார்கள். அரிசி, மாசி, ஒரு சீத்தைத் துணி. மூன்று பொருளும் அப்பாயிக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது. நேற்று என்ன குழம்பு வைத்தது என்பதுதான் ஞாபகம் இருக்காது.

நான் கோயம்புத்தூரில் கணக்கியல் மென்பொருள் எழுதுகிறவன். இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவனுக்குக் கணக்கு எழுதுவதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பற்று எது வரவு எது என்பதையே வேலைக்குச் சேர்ந்த பிறகு, பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பாடப்புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். போன வருஷம் எனக்கு வந்த வேலை சின்னது. ஒரு நிறுவனத்தின் கடன்களில் எது 'நடப்புப் பொறுப்பு', எது 'நீண்டகாலப் பொறுப்பு' என்று நிரலே பிரித்துக் காட்ட வேண்டும். விதி எளிதானது. இருப்புநிலைக் குறிப்பு போடும் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டியது நடப்பு, அதற்கு மேல் போவது நீண்டகாலம்.

சோதனை செய்யும்போது ஒரு பதிவில் கெடு தேதி காலியாக இருந்தது. எந்தப் பக்கம் போடுவது? மூத்த கணக்காளர் ஒருவரிடம் கேட்டேன். "கெடு இல்லைன்னா, கேட்டப்போ குடுக்கணும்னு அர்த்தம். தள்ளிப்போடுற உரிமை உன்கிட்ட இல்ல. அதனால அது நடப்பு. பத்து வருஷமா யாரும் கேக்காட்டியும் நடப்புதான்" என்றார்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை சொல்வதும் இதைத்தான். குறைந்தது பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டாமல் தள்ளிப்போட நிபந்தனையற்ற உரிமை இல்லாத கடன் எதுவானாலும் அது நடப்புப் பொறுப்பு. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அப்பாயி வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் ஞாபகம் வந்தது. துண்டு.

1

துண்டு என்றால் தோளில் போடுவது இல்லை, சீட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் ஆங்கில ஆவணங்களில்கூட அந்தத் தமிழ்ச் சொல் அப்படியேதான் எழுதப்பட்டது. வெள்ளைக்கார துரைமார் மொழிபெயர்க்காமல் விட்ட சொற்களில் ஒன்று.

அதைப் புரிந்துகொள்ள ஒரு கூலியாளின் கணக்கைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கங்காணி வருகிறார். ஊரில் மழை இல்லை. கங்காணி கையில் காசு இருக்கிறது. அது அவருடையது அல்ல, தோட்டம் கொடுத்தது. ஆள் கட்டிக்கொண்டு வருவதற்கான முன்பணம் அது. அதில்தான் ஊர்க்கடன் அடைபடுகிறது, வழிச்செலவு நடக்கிறது, ஒரு வேட்டியும் வாங்கப்படுகிறது. ஆள் இலங்கையில் கால் வைக்கும்போதே அவன் பேரில் ஒரு கடன் எழுதப்பட்டிருக்கும். ஒரு நாள்கூட வேலை செய்திருக்க மாட்டான்.

இப்போது அந்தக் கடன் யார் யார் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கங்காணி தோட்டத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே அது கங்காணிக்குப் பொறுப்பு, தோட்டத்துக்குச் சொத்து. கங்காணி அதைப் பங்கு பிரித்துத் தன் ஆட்கள் தலையில் எழுதுகிறார். ஆகவே அது ஆட்களுக்குப் பொறுப்பு, கங்காணிக்குச் சொத்து. ஆள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவன் கணக்கு கங்காணியின் நோட்டில் இருக்கும், இல்லாவிட்டால் கங்காணியின் தலைக்குள் இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய சமயத்தில் இதற்கு இன்னொரு கருவியும் வந்தது. தகரச் சீட்டு. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்தப்பட்ட தகர வில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வழிநெடுகச் சாப்பாடும் பயணமும் கிடைக்கும். செலவை அரசாங்கம் முதலில் போட்டுவிட்டு, எண்ணைப் பார்த்து அந்தந்தத் தோட்டத்திடம் வசூல் செய்துகொள்ளும். நாங்கள் எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு எண் இருக்கும். அதேதான் இதுவும். அந்தப் பட்டியல் ஒரு மனுசன் கழுத்தில் தொங்கியது என்பதுதான் வித்தியாசம்.

சரி, ஆள் வந்துவிட்டான். இந்தத் தோட்டம் பிடிக்கவில்லை, வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும். அப்போதுதான் துண்டு வருகிறது. 'இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் இத்தனை ரூபாய் தர வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் கட்டப்பட்டால் இவர்களை விடுவிப்போம்' என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவார். அந்தத் தோட்டத்துக்கு ஆள் தேவை என்றால் துண்டில் எழுதியிருக்கும் தொகையைக் கட்டும். கூடவே கங்காணிக்குக் கொஞ்சம் புதிய முன்பணமும் கொடுக்கும். பழைய கடன் தீரவில்லை, புதிய தோட்டத்தின் புத்தகத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். மாறும்போது கொஞ்சம் பருத்தும் விட்டது.

நாலு தோட்டம் மாறினால் நாலு தடவை பருக்கும். ஆளுக்கு ஏன் கடன் கூடியது என்றே தெரியாது. ஆள் பற்றாக்குறைக் காலத்தில் கங்காணிகள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிக முன்பணம் தரும் தோட்டத்தைத் தேடி அலைந்தார்கள். ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கிறார் என்று துரைமார்களே ஒருவரைப் பற்றி ஒருவர் புகார் சொன்னார்கள். 1908இல் இலங்கையில் இதையெல்லாம் விசாரிக்க ஒரு தொழிலாளர் ஆணைக்குழுவே உட்கார்ந்தது.

என் நிரலில் காலியாக இருந்த கெடு தேதிக்கு இங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. துண்டுக் கடனுக்குக் கெடு கிடையாது. ஒழுங்காக இருந்து வேலை செய்தால் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள், வருஷக்கணக்கில் தூங்கும். நீ கிளம்பலாம் என்று நினைக்கிற அந்த நிமிஷம் முழுத்தொகையும் கெடுவுக்கு வந்துவிடும். கணக்காளர் பாஷையில் சொன்னால், அது எப்போதும் நடப்புப் பொறுப்பு, எப்போதும் தீராத பொறுப்பு. அந்தக் கடனைக் கொடுத்தவனுக்கு அது திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை. ஆள் போகாமல் இருந்தால் போதும்.

2

இதே காலத்தில் தோட்டம் ஆளுக்குத் தர வேண்டிய கடனும் ஒன்று இருந்தது. கூலி.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் 'கொடுபட வேண்டிய கூலி'. வேலை முடிந்துவிட்டது, பணம் இன்னும் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு நிறுவனத்தின் நடப்புப் பொறுப்புகளில் மிகச் சாதாரணமானது இதுதான். முப்பதாம் தேதி பொறுப்பாக எழுதி, ஒன்றாம் தேதி கொடுத்துக் கழிப்பார்கள். காப்பித் தோட்டக் காலத்தில் அந்த ஒன்றாம் தேதி மாதக்கணக்கில் வரவே வராது. அரிசியை மட்டும் கொடுத்துக் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். மீதிக் காசு அறுவடை முடிந்து, காப்பி கொழும்புக்குப் போய், லண்டனில் விற்ற பிறகு.

துரைக்கும் வேறு வழி இல்லை என்பார்கள். அவரே கொழும்பு ஏஜென்சி கம்பெனிகளிடம் வரப்போகும் விளைச்சலை அடகு வைத்து, குறுகிய காலக் கடன் வாங்கித்தான் தோட்டத்தை ஓட்டினார். அந்தக் கடனுக்கு வட்டி உண்டு, கெடு உண்டு. கூலி பாக்கிக்கு வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. பணமுடை வந்தால் ஒரு மனுசன் எதைத் தள்ளிப்போடுவான்? தோட்டத்தை நடத்த உதவிய மலிவான கடன், வங்கி கொடுத்தது அல்ல. கொழுந்தும் காப்பிப் பழமும் பறித்த ஆட்கள் கொடுத்தது. தாங்கள் கடன் கொடுத்தவர்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

ஒரே ஆள் தோட்டத்துக்குக் கடனாளி, தோட்டத்துக்குக் கடனீந்தோரும் அவனேதான். இரண்டையும் நேர் செய்து கழித்துவிடலாமே என்று தோன்றும். கழிக்க முடியாது. அவன் தர வேண்டியதற்குச் சீட்டு இருந்தது, கங்காணி இருந்தார், சட்டமும் இருந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையான அறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சிறைக்கே அனுப்பலாம். அவனுக்கு வர வேண்டியதற்கு இருந்தது செக்ரோலில் விழுந்த பேர் மட்டும்தான்.

1869இல் இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியில் தென்பட்டது. பதினைந்து வருஷத்தில் காப்பி கதை முடிந்தது. காப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே 3ஆம் தேதி கதவை மூடியது. அந்த வங்கி வெளியிட்ட நோட்டுகள்தான் இலங்கையில் ஊர் முழுக்கப் புழங்கின. ரூபாய் நோட்டு என்பதும் கடனுறுதிச் சீட்டுதான். 'கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தருகிறேன்' என்று வெளியிட்டவர் உறுதி சொல்லும் சீட்டு. இன்றைக்கும் நம் ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துக்கு மேலே அந்த உறுதி இருக்கிறது. வங்கி விழுந்த அன்று, அந்த நோட்டை வைத்திருந்த எல்லோரும் விழுந்த வங்கியின் கடனீந்தோர் ஆனார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அதே வருஷம் சட்டம் கொண்டுவந்து, நோட்டு அடிக்கும் உரிமையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

அதே 1884இல் இன்னொரு சட்டமும் வந்தது. கூலி பாக்கிக்காகத் தோட்டத்தின் மீதே தொழிலாளிக்கு முதல் உரிமை கொடுக்கும் சட்டம். தோட்டம் கைமாறினால் முதலில் கூலியைக் கழித்துவிட்டுத்தான் மற்றக் கடன்காரர்கள் பக்கத்தில் வரலாம். ஒரு பொறுப்பை 'நடப்பு' என்று புத்தகத்தில் எழுதுவதற்கும், அதை முதலில் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் எழுதுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இந்த ஒரு வருஷத்தைப் பார்த்தாலே தெரியும். நோட்டு வைத்திருந்தவனுக்கு உடனே உத்தரவாதம் கிடைத்தது. கூலியாளுக்கு, முழுகிப்போன தோட்டத்தில் முதல் பங்கு கிடைத்தது.

துண்டு 1921இல் சட்டப்படி ஒழிந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆள் கொண்டுவரும் செலவை ஆள் தலையில் எழுத முடியாது என்று ஆனது. தோட்டங்கள் தங்கள் புத்தகத்தில் சொத்தாகக் காட்டிவந்த முன்பணங்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

சொல் மட்டும் சாகவில்லை. மலையகத்தில் வேலையை விட்டு நீக்குவதற்கு 'பத்துச்சீட்டு கொடுத்துட்டான்' என்பார்கள். பற்றுச்சீட்டு. பற்றுக் கணக்கை முடித்துக் கொடுக்கும் சீட்டு. கணக்கு முடிந்தால் சந்தோஷம்தானே வர வேண்டும்? அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். கணக்கு முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும்.

3

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கில் வந்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அதை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் பார்த்த பேரேடுகளில் மனுசர்களை இவ்வளவு முழு எண்ணில் பிரித்தது இது ஒன்றுதான்.

திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியது. வனத்துறை தொடங்கிய அந்த வேலை 1976இல் டான்டீ என்ற தேயிலைத் தோட்டக் கழகத்தின் கைக்கு வந்தது. தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கி 1969இல் வந்தது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு என்று கேரள எல்லையை ஒட்டிய இந்த மூலையில் அட்டன் தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பது அதனால்தான். ராத்திரியானால் யானை வரும். அதற்கு எந்தத் தமிழும் தெரியாது.

இந்த மண்ணுக்கும் காகிதக் கடன் புதிது இல்லை. 1880ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பாறையில் இருந்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. சில வருஷத்தில் எல்லாம் கலைந்து, காடு பழையபடி மூடிக்கொண்டது.

இங்கே வந்த பிறகும் குறுகிய காலக் கடன் விடவில்லை. வடிவம்தான் மாறியது. சம்பளத்துக்கு முன்னால் தண்டல்காரர் வருவார். ஆயிரம் ரூபாய் கடன் என்றால் கையில் 900 கொடுப்பார். தினம் பத்து ரூபாய், நூறு நாள். பாடப்புத்தகத்தில் இதே கணக்கு மரியாதையான பெயரில் இருக்கிறது. கழிவு பிடித்துக்கொண்டு கொடுக்கும் கடன். நோட்டின் முகமதிப்பு 1,000, கையில் வந்தது 900, அந்த 100ஐ ஒரேயடியாகச் செலவாக எழுதாமல் நாள் ஓட ஓட வட்டியாக எழுத வேண்டும். கேட்பவர்களுக்குப் பத்து சதவீதம் என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 77 சதவீதம். இதை நான் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியபோது அப்பாயி சிரித்தது. "அவன் ஒண்ணும் தேதி கேட்டு உக்கார வைக்கலியே. கேட்டவுடனே குடுத்தான்ல" என்றது. அந்தப் பதிலுக்கு என் நிரலில் இடம் இல்லை.

புரோநோட்டு கொஞ்சம் கௌரவமானது. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் முக்கியமாகக் கேட்பது நான்கு விஷயம்: எழுத்தில் இருக்க வேண்டும், நிபந்தனை இருக்கக் கூடாது, தொகை தெளிவாக இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்து வேண்டும். பிப்ரவரி 1ஆம் தேதி 10,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டியில் 90 நாள் நோட்டு எழுதினால் மே 2ஆம் தேதி கெடு. சட்டம் மூன்று நாள் சலுகை தருவதால் மே 5. நடுவில் மார்ச் 31 வந்துவிடும். அன்றைக்கு யாரும் வட்டி கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. ஆனாலும் 58 நாள் வட்டி, சுமார் 191 ரூபாய், பொறுப்பாக ஏறியாக வேண்டும். எனக்குக் கணக்கியலில் பிடித்த இடம் இதுதான். யாரும் கேட்காவிட்டாலும், கடந்துபோன நாளுக்கு நீ கடன்பட்டிருக்கிறாய் என்று அது சொல்கிறது.

அந்த விதி எல்லோருக்கும் ஒன்றுபோல ஓடுவதில்லை. பணிக்கொடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷ வேலைக்கும் பதினைந்து நாள் கூலி, மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. கடைசிச் சம்பளம் 9,000 ரூபாய், முப்பது வருஷ வேலை என்றால் 1,55,769 ரூபாய். கெடு முப்பது நாள். தாண்டினால் வட்டியும் சேர வேண்டும். முப்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த நீண்டகாலப் பொறுப்பு, ஓய்வு நெருங்கும்போது நடப்புப் பொறுப்பாக மாறுகிறது. தேயிலை விலை விழுந்த காலங்களில் தோட்டங்கள் எதைத் தள்ளிப்போட்டன? டான்டீயில் ஓய்வு பெற்றவர்களின் நிலுவையைத் தீர்க்க மாநில அரசே நிதி ஒதுக்க வேண்டி வந்தது. 1884இல் மாதக்கூலி, நம் காலத்தில் பணிக்கொடை. கடன் கொடுத்தவர்கள் மட்டும் அதே ஆட்கள். கூடவே பழைய பயமும்: கணக்கு முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே.

4

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அப்பாயியிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பாயி, சட்டப்படி கடனுக்கு மூணு வருஷந்தான். அதுக்கப்புறம் அந்த நானா கோர்ட்டுக்குப் போனாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப கடன் இல்லேங்குறியா?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏனென்றால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காலவரம்பு வழக்குப் போடும் வழியைத்தான் மூடுகிறது, கடனை அழிப்பதில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். காலம் கடந்துபோன கடனைக் கொடுக்கிறேன் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடன் புதிதாக உயிர் பெற்றுவிடும்.

"இருக்கு. கேக்கத்தான் முடியாது" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன்."

இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்த கை அது. அட்டனில் அதற்கு வர வேண்டியிருந்த கடைசி மாதச் சம்பளம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அப்பாயிக்கு அது ஞாபகம் இல்லை. "வந்திருக்கும், வராமயும் இருந்திருக்கும்" என்றது. வர வேண்டியது எதுவும் அதன் கணக்கில் இல்லை, கொடுக்க வேண்டியது மட்டும் சதம் வரைக்கும் இருக்கிறது. இதை நல்ல குணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனசு வரவில்லை. மூன்று தலைமுறையாகக் கடன் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டினால், ஒரு குடும்பத்துக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் மனப்பாடம் ஆகும்.

அந்த டவுனில் நானா கடை இப்போது இல்லை. கொழும்பில் வேலை செய்யும் நண்பன் ஒருவன் போய் விசாரித்துவிட்டான். பிள்ளைகள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உரிமை கோர ஆள் இல்லாத பொறுப்பைக் கம்பெனிகள் சில வருஷம் வைத்திருந்துவிட்டு, வருமானப் பக்கத்தில் எழுதிக் கழித்துவிடும். அதற்கான பொத்தானை எங்கள் மென்பொருளில் நான்தான் எழுதினேன்.

இதை அப்பாயியிடம் நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டேன். இடது பக்கம்: நானா கடை, 38 ரூபாய் 50 சதம். வலது பக்கம் எழுத அப்பாயியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த வருஷம் பேர் பதிந்தார்கள், நாள் கூலி எவ்வளவு, பிரசவத்துக்கு எத்தனை நாள் பிடித்தார்கள், கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு எவ்வளவு கழித்தார்கள். முதலில் "அதெல்லாம் எதுக்கு சாமி" என்றது. மூன்றாம் நாள் தானாகக் கூப்பிட்டு, "எழுதிக்க, ஈரக் கொழுந்துன்னு ரெண்டு ராத்தல் கழிப்பான்" என்றது.

இப்போதைக்கு வலது பக்கத்தில் பதினொரு வரி இருக்கிறது.